கேம்பர் வேனில் கணினிக்கு மின்சாரம்: ஒரு வரலாறு

கேம்பர் வேன் என்பது படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி முதலியவற்றைப் பொருத்தி, உள்ளேயே தங்கி வாழ ஏற்றபடி மாற்றியமைக்கப்பட்ட ஊர்தி ஆகும். சரக்கு ஏற்றும் சாதாரண வேனைத் தாமே மாற்றிக் கொள்வோரும் உண்டு. தொழிற்சாலையில் ஆயத்தமாகச் செய்ததை வாங்குவோரும் உண்டு. இத்தகைய ஊர்தியில் கணினியை வைத்து, நாள் முழுதும் வேலை செய்து, அந்த வருமானத்தில் வாழ்வோரை இன்று அமெரிக்கா, கனடா, ஐரோப்பிய நாடுகள், ஆஸ்திரேலியா ஆகியவற்றில் காணலாம். 1980களின் தொடக்கத்தில் இது ஏறக்குறைய இயலாத செயல். கணினியின் விலை அதற்கு ஒரு காரணம். அதைவிடப் பெரிய தடை மின்சாரம்.

வீட்டில் மின்சாரம் சுவரிலிருந்து வருகிறது. எவ்வளவு செலவானது என்பது கட்டணம் கட்டும் நாளில்தான் தெரியும். வேனில் இருப்பதோ ஒரு பெட்டி மின்கலம். அது தீர்ந்தால் விளக்கு இல்லை, கணினி இல்லை, அன்றைய வேலையும் இல்லை. இந்தச் சிக்கல் நாற்பது ஆண்டுகளில் எவ்வாறு தீர்ந்தது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. ஒரு பக்கம் மின்கலமும் சூரிய மின்தகடும் வளர்ந்தன. மறுபக்கம் கணினி தனக்கு வேண்டிய மின்சாரத்தைக் குறைத்துக் கொண்டது. இவ்விரண்டில் இரண்டாவது வழியின் பங்கே பெரிது.

வண்டிக்குள் மின்சாரம் வந்த வழி

மீண்டும் மீண்டும் மின்னேற்றம் செய்யக்கூடிய ஈய-அமில மின்கலத்தை 1859இல் பிரான்சைச் சேர்ந்த காஸ்டன் பிளாந்தே உருவாக்கினார். 1881இல் அதே நாட்டின் கமில் ஃபோர், ஈயச் சேர்மத்தைப் பசையாக்கித் தகடுகளில் பூசும் முறையைக் கண்டறிந்து அதன் கொள்ளளவைக் கூட்டினார். தொடக்க கால மோட்டார் வண்டிகளை முன்புறம் இருந்த கைப்பிடியைச் சுழற்றித்தான் கிளப்ப வேண்டியிருந்தது. கை முறிந்தவர்கள் பலர். சார்லஸ் கெட்டரிங் வடிவமைத்த மின் தொடக்கி 1912ஆம் ஆண்டின் காடிலாக் வண்டியில் இடம்பெற்றது. அதன் பிறகு மின்கலமும் அதற்கு மின்னேற்றும் டைனமோவும் வண்டியின் நிலையான உறுப்புகளாயின.

முதலில் வண்டிகளின் மின்னழுத்தம் பெரும்பாலும் 6 வோல்ட். 1950களின் நடுப்பகுதியிலிருந்து அமெரிக்க வண்டிகள் 12 வோல்ட்டுக்கு மாறின. இந்த மாற்றத்தின் பயனைப் பள்ளிப் பாடத்தைக் கொண்டே அறியலாம். மின்திறன் என்பது மின்னழுத்தத்தையும் மின்னோட்டத்தையும் பெருக்கிக் கிடைப்பது. 60 வாட் மின்திறனுக்கு 6 வோல்ட்டில் 10 ஆம்பியர் ஓட வேண்டும்; 12 வோல்ட்டில் 5 ஆம்பியர் போதும். கம்பியில் வெப்பமாக வீணாகும் ஆற்றல் மின்னோட்டத்தின் இருமடிக்கு ஏற்ப அமைவதால், மின்னோட்டம் பாதியானால் இழப்பு நான்கில் ஒரு பங்காகிறது.

அடுத்த படி டைனமோவின் இடத்தில் ஆல்டர்னேட்டர் வந்தது. 1960ஆம் ஆண்டின் வேலியன்ட் வண்டியில் கிரைஸ்லர் நிறுவனம் இதைப் பொருத்தியது. டைனமோ மெதுவாகச் சுழலும்போது மிகக் குறைந்த மின்சாரமே தரும். ஆல்டர்னேட்டர் சிலிக்கான் டையோடுகளின் துணையுடன் எஞ்சின் மெதுவாக ஓடும்போதும் மின்கலத்துக்கு மின்னேற்றும். பின்னாளில் ஓடும் வண்டியே ஒரு சிறு மின் நிலையமாக அமைந்தது இந்த மாற்றத்தால்தான்.

கேம்பர் வேனும் இரண்டாவது மின்கலமும்

ஜெர்மனியின் ஃபோக்ஸ்வேகன் நிறுவனம் 1950இல் 'டைப் 2' என்னும் வேனை உற்பத்தி செய்யத் தொடங்கியது. 1951இல் வெஸ்ட்ஃபாலியா நிறுவனம் அதற்குள் வைக்கக்கூடிய முகாம் பெட்டிகளைச் செய்து விற்றது. பகலில் இருக்கை, இரவில் படுக்கை, ஓரத்தில் சிறு அலமாரி என்னும் அமைப்பு அங்கிருந்து பரவியது. அந்த வேன்களில் மின்சாரத்தின் வேலை மிகச் சிறிது. ஒரு விளக்கு, ஒரு வானொலி, அவ்வளவே. அடுப்பு எரிவாயுவில் எரிந்தது.

ஆனால் அந்தச் சிறு தேவையே ஒரு பாடத்தைக் கற்பித்தது. இரவில் விளக்கை எரியவிட்டு உறங்கினால், காலையில் வண்டி கிளம்பாது. எஞ்சினைக் கிளப்பும் மின்கலத்தின் தகடுகள் மெல்லியவை. அவை சில விநாடிகளுக்குப் பெரும் மின்னோட்டத்தைத் தரும். நெடுநேரம் சிறிது சிறிதாக மின்சாரம் எடுத்து முழுதும் தீர்த்தால் விரைவில் கெட்டுவிடும். ஆகவே தடித்த தகடுகளைக் கொண்ட வேறு வகை மின்கலத்தை இரண்டாவதாக வைக்கும் வழக்கம் ஏற்பட்டது. படகுகளிலும் கோல்ஃப் மைதான வண்டிகளிலும் இவ்வகை மின்கலங்களே பயன்பட்டன. எஞ்சின் ஓடும்போது மட்டும் இரு மின்கலங்களையும் ஒரு ரிலே இணைக்கும். எஞ்சின் நின்றதும் அவை பிரிந்துவிடும். வீட்டுப் பகுதியின் மின்கலம் தீர்ந்தாலும் வண்டி கிளம்பும்.

இந்தப் பிரிவினை கணினிக்கும் இன்றியமையாதது. தொடக்கி மோட்டார் சில நூறு ஆம்பியர் இழுக்கும்போது மின்னழுத்தம் ஒரு கணம் 10 வோல்ட்டுக்கும் கீழே சரியக்கூடும். அதே மின்கலத்தில் இணைந்த கணினி அந்த நொடியில் அணைந்து, சேமிக்காத வேலை முழுவதும் அழிந்துவிடும்.

மேசைக் கணினியும் நான்கு சிறு மின்கலங்களும்

1981 ஆகஸ்டில் ஐபிஎம் நிறுவனம் தனது தனிநபர் கணினியை வெளியிட்டது. அதன் மின்வழங்கிப் பெட்டி 63.5 வாட் வரை தரும் திறன் கொண்டது. கண்ணாடிக் குழாயால் ஆன திரைக்குத் தனி மின்சாரம் வேண்டும். இரண்டும் சேர்ந்து 100 வாட் எடுப்பதாகக் கொள்வோம். வேனில் உள்ள 12 வோல்ட்டை வீட்டு மின்னழுத்தமாக மாற்றும்போது ஏற்படும் இழப்பையும் சேர்த்தால், மின்கலத்திலிருந்து ஏறத்தாழ 10 ஆம்பியர் ஓடும். 100 ஆம்பியர்-மணி கொள்ளளவுள்ள ஈய-அமில மின்கலத்தில் பாதியளவே எடுப்பது அதன் ஆயுளுக்கு நல்லது. அப்படியானால் கணினி ஐந்து மணி நேரம் ஓடும்; விளக்கு எரியாது. அந்த மின்கலத்தின் எடை 25 கிலோவுக்கும் மேல்.

அதே 1981இல் விற்பனைக்கு வந்த ஆஸ்போர்ன் 1 'தூக்கிச் செல்லும் கணினி' எனப்பட்டது. எடை சுமார் 11 கிலோ. திரை 5 அங்குலம். உள்ளே மின்கலம் கிடையாது. எங்கும் தூக்கிச் செல்லலாம். சென்ற இடத்தில் மின்சாரம் இருந்தாக வேண்டும்.

திருப்பம் 1983இல் வந்தது. ஜப்பானின் கியோசெரா நிறுவனம் தயாரித்து, அமெரிக்காவில் ரேடியோ ஷாக் கடைகள் விற்ற டிஆர்எஸ்-80 மாடல் 100 என்னும் கணினி, சுவர்க் கடிகாரத்தில் போடும் அளவுள்ள நான்கு மின்கலங்களில் ஏறத்தாழ 20 மணி நேரம் இயங்கியது. அதன் திரவப் படிகத் திரையில் 8 வரிகள், வரிக்கு 40 எழுத்துகள். எடை ஒன்றரைக் கிலோவுக்குள். தொலைபேசிக் கம்பி வழியாகச் செய்தி அனுப்பும் மோடமும் உள்ளேயே இருந்தது. மின்கலங்களின் கொள்ளளவைக் கொண்டு கணக்கிட்டால், அது ஒரு வாட்டுக்கும் குறைவாகவே எடுத்திருக்கிறது. படமில்லை, வண்ணமில்லை, எழுத்து மட்டும். எழுத்தைக் கொண்டு பிழைப்பவருக்கு அது போதுமானதாக இருந்தது. செய்தியாளர்கள் இதைப் பல ஆண்டுகள் விரும்பிப் பயன்படுத்தினர்.

மிதிவண்டியில் ஓர் அலுவலகம்

ஓடும் வண்டியில் கணினியை வைத்துப் பிழைக்கலாம் என்பதை நாடறியச் செய்து காட்டியவர்களுள் முன்னோடி ஸ்டீவன் ராபர்ட்ஸ் என்னும் அமெரிக்க எழுத்தாளர். அவர் பயன்படுத்தியது வேன் அன்று, சாய்ந்து அமர்ந்து ஓட்டும் மிதிவண்டி. ஆயினும் பிற்கால கேம்பர் வேன்காரர்கள் சந்தித்த சிக்கல்கள் அனைத்தையும் அவர் மிகச் சிறிய அளவில் முன்கூட்டியே சந்தித்தார். ஊர்தி வீடுகள் செய்யும் வின்னபேகோ நிறுவனத்தின் பெயரை நினைவூட்டும்படி, தம் வண்டிக்கு அவர் 'வின்னபைக்கோ' என்று பெயரிட்டார்.

1983இல் ஒஹாயோ மாநிலத்தின் கொலம்பஸ் நகரிலிருந்து மாடல் 100 கணினியுடனும் ஒரு சிறு சூரிய மின்தகட்டுடனும் அவர் புறப்பட்டார். வழியில் கட்டுரைகளை எழுதி, தொலைபேசி வழியாகக் கம்ப்யூசர்வ் கணினி வலையமைப்பில் அனுப்பினார். முதற்பயணம் ஏறத்தாழ 16,000 கிலோமீட்டர். 1986இல் அமைத்த இரண்டாவது வண்டியில், ஓட்டிக்கொண்டே தட்டச்சு செய்வதற்குக் கைப்பிடியில் பொத்தான்களைப் பொருத்தினார். 'கம்ப்யூட்டிங் அக்ராஸ் அமெரிக்கா' என்னும் அவருடைய பயண நூல் 1988இல் வெளிவந்தது.

1991 வாக்கில் நிறைவுற்ற மூன்றாவது வண்டியின் பெயர் 'பெஹிமத்'. பல கணினிகள், வானொலிக் கருவிகள், செயற்கைக்கோள் தொடர்பு எல்லாம் அதில் இருந்தன. அவற்றை இயக்க 72 வாட் சூரிய மின்தகடுகள். இழுவை வண்டியுடன் மொத்த எடை 260 கிலோவைத் தாண்டியது. இன்று அது கலிபோர்னியாவில் உள்ள கணினி வரலாற்று அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கிறது.

முதல் வண்டியையும் மூன்றாவது வண்டியையும் அருகருகே வைத்துப் பார்த்தால் ஒரு பாடம் கிடைக்கிறது. கருவி கூடக் கூட மின்கலம் கூடியது. மின்கலம் கூடக் கூட எடை கூடியது. எடையை இழுக்க மேலும் பல்சக்கரங்கள் தேவைப்பட்டன. 'பெஹிமத்' வண்டிக்கு 105 கியர்கள். பிற்காலத்தில் வேனை மாற்றியமைத்தவர்களும் இதே சுழலில் சிக்கினர்.

மாற்றி மாற்றி இழந்த மின்சாரம்

1990களில் மடிக்கணினி பரவியது. அதன் உள்ளே ஓடுவது நேர்திசை மின்னோட்டம். மின்கலம் தருவதும் நேர்திசை மின்னோட்டமே. இடையில் நின்றது கணினியுடன் வந்த மின்னேற்றி. அது வீட்டில் வரும் மாறுதிசை மின்னோட்டத்தை எதிர்பார்த்துச் செய்யப்பட்டது.

ஆகவே பலரும் இன்வெர்ட்டர் வாங்கினர். அது 12 வோல்ட் நேர்திசை மின்னோட்டத்தை 120 அல்லது 230 வோல்ட் மாறுதிசை மின்னோட்டமாக்கும். பின்பு கணினியின் மின்னேற்றி அதை மறுபடி 19 வோல்ட் அளவிலான நேர்திசை மின்னோட்டமாக்கும். ஒவ்வொரு மாற்றத்திலும் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு வெப்பமாகப் போய்விடும். எதுவும் இணைக்காமல் இருக்கும்போதும் இன்வெர்ட்டர் தனக்கென்று சிறிது மின்சாரம் எடுக்கும். இரவு முழுதும் அணைக்க மறந்தால் காலையில் மின்கலத்தில் பற்றாக்குறை தெரியும். விலை குறைந்த இன்வெர்ட்டர்கள் தந்த படிக்கட்டு வடிவ அலை சில மின்னேற்றிகளைச் சூடாக்கியது.

நேரடியாக 12 வோல்ட்டிலிருந்து 19 வோல்ட்டுக்கு உயர்த்தும் கார் மின்னேற்றிகள் இதற்கு எளிய மாற்று. ஒரே ஒரு மாற்றம், இழப்பு குறைவு. ஆனால் நீண்ட காலம் ஒவ்வொரு நிறுவனமும் தன் மடிக்கணினிக்குத் தனி அளவில் செருகி வைத்திருந்தது. யுஎஸ்பி மின்வழங்கல் தரம் 2012இல் 100 வாட் வரை அனுமதித்தது. சி வகைச் செருகி 2014இல் வரையறுக்கப்பட்டது. 2021இல் வந்த திருத்தம் 240 வாட் வரை இடமளித்தது. இதன் பின்னரே ஒரே செருகியால் வேனின் 12 வோல்ட் இணைப்பிலிருந்து பல நிறுவனக் கணினிகளுக்கு மின்னேற்றும் நிலை வந்தது. இந்தத் தரம் கேம்பர் வேனுக்காகச் செய்யப்பட்டதன்று. ஆயினும் அதனால் பெரும் பயன் பெற்றவர்களுள் வேனில் வாழ்வோரும் அடங்குவர்.

கம்பியின் தடிமனும் கவனிக்கத்தக்கது. 600 வாட் எடுக்கும் கருவிக்கு 12 வோல்ட்டில் 50 ஆம்பியர் ஓடும். வீட்டு விளக்குக்குப் போடும் மெல்லிய கம்பி அதைத் தாங்காது, உருகித் தீப்பற்றும். மரப்பலகையும் மெத்தையும் நிறைந்த சிறு இடத்தில் தீ பிடித்தால் தப்புவது கடினம். மின்கலத்துக்கு மிக அருகிலேயே ஃபியூஸ் வைக்க வேண்டும் என்னும் விதி அதனால்தான் வலியுறுத்தப்படுகிறது.

ஜெனரேட்டரும் சூரிய மின்தகடும்

மின்கலத்தை எங்கிருந்து நிரப்புவது? வேன் ஓடும்போது ஆல்டர்னேட்டர் நிரப்பும். ஒரே இடத்தில் பல நாள் நின்றால் வேறு வழி வேண்டும். பெட்ரோல் ஜெனரேட்டர் ஒரு வழி. அது இரைச்சலும் புகையும் தரும். அமெரிக்கத் தேசியப் பூங்காக்களின் முகாம்களில் ஜெனரேட்டரை இயக்கக் குறிப்பிட்ட நேரங்களே அனுமதிக்கப்படுகின்றன. அதன் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு மணமற்றது. மூடிய இடத்தில் உயிரைப் பறிக்கும்.

மற்றொரு வழி சூரியன். 1954 ஏப்ரலில் அமெரிக்காவின் பெல் ஆய்வகம் சிலிக்கான் சூரிய மின்கலத்தை அறிமுகப்படுத்தியது. டேரில் சேப்பின், கால்வின் ஃபுல்லர், ஜெரால்ட் பியர்சன் ஆகிய மூவரும் அதை உருவாக்கினர். விழும் ஒளி ஆற்றலில் ஏறத்தாழ 6 விழுக்காட்டை அது மின்சாரமாக்கியது. முதலில் செயற்கைக்கோள்களுக்கே அது கட்டுபடியானது. 1970களின் தொடக்கத்தில் ஒரு வாட்டுக்கு 100 டாலர் அளவில் இருந்த விலையை எலியட் பெர்மன் குழுவினர் சுமார் 20 டாலராகக் குறைத்தனர். 2020 வாக்கில் தகட்டின் விலை ஒரு வாட்டுக்கு ஒரு டாலருக்கும் கீழே வந்தது. திறனும் 20 விழுக்காட்டைத் தொட்டது. வேனின் கூரை சிறியது. ஆகவே ஒரு சதுர மீட்டரில் எவ்வளவு கிடைக்கிறது என்பது விலையைப் போலவே முக்கியம்.

கூரைத் தகட்டுக்கு ஒரு முரண் உண்டு. வெயிலில் நிறுத்தினால் மின்சாரம் கிடைக்கும். உள்ளே இருப்பவர் வெந்துபோவார். நிழலில் நிறுத்தினால் உடலுக்கு இதம், மின்கலம் பட்டினி. ஒரு மரக்கிளையின் நிழல் தகட்டின் ஒரு மூலையில் விழுந்தாலும், வரிசையாக இணைந்த மின்கலங்களில் மின்னோட்டம் பெரிதும் தடைபடும். தனியே கழற்றி வெயிலில் வைக்கும் மடிப்புத் தகடுகளைச் சிலர் இதனால் விரும்புகின்றனர்.

லித்தியம் மின்கலமும் ஒரு தமிழ்நாட்டு அறிவியலாளரும்

1991இல் சோனி நிறுவனம் லித்தியம் அயனி மின்கலத்தை வணிக முறையில் வெளியிட்டது. அது கைப்பேசியையும் மடிக்கணினியையும் மாற்றியது. வேனின் பெரிய மின்கலத்துக்கு வேறு வகை லித்தியம் மின்கலம் பொருந்தி வந்தது. 1997இல் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பாதி, நஞ்சுண்டசாமி, ஜான் குடினஃப் ஆகியோர் லித்தியம் இரும்பு பாஸ்பேட்டு என்னும் பொருளை மின்கலத்தின் நேர்முனைக்குப் பயன்படுத்தலாம் என்று ஆய்வுக் கட்டுரை வெளியிட்டனர். இரும்பும் பாஸ்பேட்டும் எளிதில் கிடைப்பவை. பாஸ்பேட்டில் ஆக்சிஜன் உறுதியாகப் பிணைந்திருப்பதால், சூடானாலும் அது எளிதில் வெளியேறித் தீக்குத் துணைபோவதில்லை. படுக்கைக்கு அடியில் வைக்கும் மின்கலத்துக்கு இது முதன்மையான பண்பு.

இந்த ஆய்வின் வேர் அதற்கு முந்தைய பத்தாண்டில் உள்ளது. தென் தமிழ்நாட்டின் அமரபுரம் என்னும் சிற்றூரில் பிறந்து, மதுரைப் பல்கலைக்கழகத்திலும் சென்னை ஐஐடியிலும் பயின்ற ஆறுமுகம் மந்திரம், 1980களில் குடினஃபுடன் சேர்ந்து, சல்பேட்டு முதலிய பல்லணு எதிர்மின் அயனிகளைக் கொண்ட இரும்புச் சேர்மங்களை ஆராய்ந்தார். அத்தகைய அயனி இருந்தால் இரும்புச் சேர்மத்திலிருந்து உயர்ந்த மின்னழுத்தம் கிடைக்கும் என்பதை அவர்கள் காட்டினர். பாஸ்பேட்டுக்கு வழி திறந்தது அந்தக் கண்டுபிடிப்பே. 2019இல் குடினஃபுக்கு வேதியியல் நோபல் பரிசு கிடைத்தபோது, அவர் சார்பில் நோபல் உரையை நிகழ்த்தியவர் மந்திரம்.

100 ஆம்பியர்-மணி கொள்ளளவுள்ள இவ்வகை மின்கலம் 12.8 வோல்ட்டில் 1,280 வாட்-மணி ஆற்றலைத் தேக்கும். அதில் பெரும்பகுதியை எடுக்கலாம். எடை அதே அளவு ஈய-அமில மின்கலத்தில் பாதிக்கும் குறைவு. குறைகளும் உண்டு. உறைநிலைக்குக் கீழான குளிரில் இதற்கு மின்னேற்றினால் உட்பகுதி நிரந்தரமாகக் கெடும். மேலும் இது மின்னோட்டத்தை வேகமாக உறிஞ்சுவதால், பழைய ரிலேவின் வழியாக இணைத்தால் ஆல்டர்னேட்டர் அளவுக்கு மீறிச் சூடாகலாம். மின்னோட்டத்துக்கு வரம்பு கட்டும் தனி மின்னேற்றியை இடையில் வைப்பது வழக்கமாயிற்று.

கணினி மெலிந்தது

மின்கலம் வளர்ந்த அதே காலத்தில் கணினி மெலிந்தது. 2001இல் வியா நிறுவனம் 17 சென்டிமீட்டர் சதுர அளவில் 'மினி-ஐடிஎக்ஸ்' தாய்ப்பலகையை அறிமுகப்படுத்தியது. வண்டிக்குள் சிறு கணினி கட்டுவோர் அதை விரும்பினர். 2003இல் இன்டெல் வெளியிட்ட பென்டியம் எம் செயலி, மின்சாரச் சிக்கனத்தை முதன்மை நோக்கமாகக் கொண்டு மடிக்கணினிக்கெனவே வடிவமைக்கப்பட்டது. கண்ணாடிக் குழாய்த் திரைகள் மறைந்து, எல்இடி ஒளியில் இயங்கும் தட்டைத் திரைகள் வந்தன. 2012இல் வந்த ராஸ்பெரி பை சில வாட்டுகளில் இயங்கும் முழுக் கணினி. 2020இல் ஆப்பிள் வெளியிட்ட எம்1 செயலி, எழுத்து வேலைக்கும் நிரல் எழுதுவதற்கும் மிகக் குறைந்த மின்சாரமே போதும் என்பதைப் பலருக்கும் உணர்த்தியது.

எதிர்த்திசையில் சென்ற கணினிகளும் உண்டு. 2022இல் வந்த என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 4090 வரைகலை அட்டை மட்டுமே 450 வாட் வரை எடுக்கும். 1981ஆம் ஆண்டின் ஐபிஎம் கணினியின் மின்வழங்கியைப் போல ஏழு மடங்கு அது. இத்தகைய கணினியை வேனில் வைப்பவர், 'பெஹிமத்' வண்டியின் பாடத்தை மறுபடி கற்க வேண்டியவராகிறார்.

மற்றொரு புதிய செலவு இணையம். 2022இல் ஸ்டார்லிங்க் நிறுவனம் ஊர்தி வீடுகளுக்கான செயற்கைக்கோள் இணையச் சேவையைத் தொடங்கியது. அதன் வழக்கமான அலைவாங்கித் தட்டு 50 முதல் 75 வாட் வரை தொடர்ந்து எடுக்கும். கணினி சேமித்துக் கொடுத்ததைத் தட்டு செலவழித்தது. 2024இல் வந்த சிறிய தட்டு ஏறத்தாழ பாதி மின்சாரத்திலேயே இயங்குகிறது. நேர்திசை மின்னோட்டத்தை நேரடியாக ஏற்கிறது.

ஒரு நாள் கணக்கு

வேனில் எட்டு மணி நேரம் வேலை செய்பவரின் தேவையை எடுத்துக்காட்டாகக் கணக்கிடலாம்.

மடிக்கணினி 40 வாட்; எட்டு மணி நேரத்துக்கு 320 வாட்-மணி.
தனித் திரை 25 வாட். எட்டு மணி நேரத்துக்கு 200 வாட்-மணி.
செயற்கைக்கோள் தட்டு 60 வாட். எட்டு மணி நேரத்துக்கு 480 வாட்-மணி.

மொத்தம் 1,000 வாட்-மணி. இது ஒரு கிலோவாட்-மணி. மின் கட்டண அட்டையில் நாம் காணும் ஒரு யூனிட். 100 ஆம்பியர்-மணி ஈய-அமில மின்கலம் ஒன்றில் பாதியளவாகக் கிடைக்கும் 600 வாட்-மணி இதற்குப் போதாது. ஒரு லித்தியம் இரும்பு பாஸ்பேட்டு மின்கலம் ஒரு நாளைக்கு மட்டும் போதும். கூரையில் 300 வாட் தகடு இருந்து, நான்கு மணி நேர முழு வெயிலுக்கு இணையான ஒளி கிடைத்து, இழப்பு நான்கில் ஒரு பங்கு போனால் 900 வாட்-மணி வரும். மீதியை அரை மணி நேர ஓட்டம் நிரப்பிவிடும். மூன்று நாள் மழை பெய்தால் கணக்கு மாறிவிடும்.

இந்தக் கணக்கில் தனித் திரையைக் கைவிட்டு, தட்டை வேண்டும்போது மட்டும், நாளுக்கு இரண்டு மணி நேரம் இயக்கினால் தேவை 440 வாட்-மணியாகக் குறைகிறது. அப்போது ஈய-அமில மின்கலமே போதுமானதாகிறது. இரண்டாவது மின்கலம் வாங்குவதற்கு முன் இரண்டு பழக்கங்களை மாற்றிப் பார்ப்பது மலிவானது என்பதைக் கேம்பர் வேனில் வாழ்வோர் அனுபவத்தால் அறிந்துள்ளனர்.

விரும்பி வந்தோரும் வேறு வழியின்றி வந்தோரும்

2011இல் ஃபாஸ்டர் ஹன்டிங்டன் என்னும் அமெரிக்கர் நியூயார்க் வேலையை விட்டு வேனில் புறப்பட்டு, 'வேன்லைஃப்' என்னும் சொல்லுடன் படங்களை வெளியிட்டார். அச்சொல் உலகெங்கும் பரவியது. 2020இல் கொரோனா பெருந்தொற்றால் அலுவலகங்கள் மூடப்பட்டு, எங்கிருந்தும் வேலை செய்யலாம் என்ற நிலை வந்தபோது வேன் வாழ்க்கை மேலும் ஈர்ப்புப் பெற்றது.

அதே சாலைகளில் வேறொரு கூட்டமும் இருந்தது. 2008ஆம் ஆண்டின் நிதி நெருக்கடிக்குப் பின், வீட்டையோ சேமிப்பையோ இழந்த முதியோர் பலர் வேன்களில் வாழத் தொடங்கினர். கிடங்குகளிலும் முகாம்களிலும் பருவ காலக் கூலி வேலை தேடி அவர்கள் ஊர் ஊராகச் சென்றதை ஜெசிகா புரூடர் 2017இல் 'நோமேட்லேண்ட்' என்னும் நூலில் பதிவு செய்தார். குளோயி ஜாவ் அதைத் திரைப்படமாக்கினார். 2021இல் அது சிறந்த படத்துக்கான ஆஸ்கர் விருதைப் பெற்றது.

இவ்விரு கூட்டத்தாரின் வேன்களிலும் கணினிக்கு மின்சாரம் வேண்டும். முதலாமவருக்கு அது சம்பளம் தரும் அலுவலகம். இரண்டாமவருக்கு அடுத்த வேலைக்கு விண்ணப்பிக்கவும், வங்கிக் கணக்கைப் பார்க்கவும், பிள்ளைகளுடன் பேசவும் உள்ள ஒரே கதவு. ஒருவர் ஆயிரக்கணக்கான டாலர் செலவில் கூரை நிறையத் தகடு பதிக்கலாம். மற்றவர் ஒரு தகட்டையும் பழைய மின்கலத்தையும் கொண்டு சமாளிக்க வேண்டும். 2005இல் பாப் வெல்ஸ் தொடங்கிய 'சீப் ஆர்வி லிவிங்' என்னும் தளமும், அரிசோனாவின் குவார்ட்சைட் பாலைவனத்தில் அவர் கூட்டிய ஆண்டுச் சந்திப்பும், குறைந்த செலவில் வேனில் வாழும் முறைகளைப் புதிதாக வந்தோருக்குக் கற்பித்தன. வசதியற்றவருக்குப் பெரிதும் உதவியது கணினி மெலிந்ததே. பெரிய மின்கலம் பணம் உள்ளவருக்குக் கிடைத்தது. சிறிது மின்சாரத்தில் ஓடும் கணினியும் கைப்பேசியும் எல்லோருக்கும் கிடைத்தன.

முடிவு

1983இல் நான்கு சிறு மின்கலங்களில் ஓடிய எழுத்துக் கணினி, வண்டியிலிருந்தபடியே பிழைக்கலாம் என்று காட்டியது. அதன் பின் வந்த ஆல்டர்னேட்டர் மின்னேற்றிகள், மலிந்த சூரியத் தகடுகள், இரும்பு பாஸ்பேட்டு மின்கலங்கள், பொதுச் செருகிகள் ஆகியவை அந்த வழியை அகலமாக்கின. ஒவ்வொரு முறை வசதி பெருகியபோதும், புதிய கருவி ஒன்று வந்து அதை நிரப்பிக் கொண்டதும் இவ்வரலாற்றின் ஒரு பகுதியே.

கேம்பர் வேனில் வாழ்பவர் தம் மின்கலத்தில் எவ்வளவு மீதியுள்ளது என்பதைக் காட்டும் சிறு மானியை உறங்கும் முன்னும் விழித்ததும் பார்க்கிறார். எந்தக் கருவி எவ்வளவு எடுக்கும், நாளை மேகம் வருமா என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். வீடுகளில் வாழும் பெரும்பாலோருக்கு இந்தக் கணக்கு தெரியாது. மாணவர்கள் தம் வீட்டுக் கருவிகளின் பின்புறம் எழுதியுள்ள வாட் எண்ணைக் குறித்து, ஓடும் மணி நேரத்தால் பெருக்கிப் பார்த்தால், வேனில் வாழ்வோர் நாள்தோறும் போடும் கணக்கைத் தாமும் போட்டுவிடலாம்.